கல்லறை முன் கட்சி எதற்கு?

நவம்பர் 2ஆம் நாள் மாலையில் நம் கல்லறைத் தோட்டங்கள் எப்படி இருக்கும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய சிலுவைகள், செவ்வந்தி மாலைகள், காற்றுக்கு அணையாதபடி உள்ளங்கையால் மறைத்து ஏற்றும் மெழுகுதிரிகள், ஊதுவத்திப் புகை. பங்குத் தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருகையில் ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய கல்லறையின் அருகே நின்று செபிக்கும். நாங்களும் நிற்போம். ஆனால் நாங்கள் நிற்பது அப்பா அம்மாவின் கல்லறை அருகே. எங்கள் மூத்த அண்ணனுக்கு அந்தத் தோட்டத்தில் ஓரடி மண்ணும் இல்லை. இந்திய அமைதி காக்கும் படையின் வீரராக இலங்கைக்குச் சென்ற அவர், 1987ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே இறந்தார். உடல் வரவில்லை. முதலில் தந்தி வந்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. அதற்குள் இரண்டு சீருடைகள், சவரப் பெட்டி, அம்மா கொடுத்தனுப்பிய செபமாலை.

இதை இப்போது எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். படைப்பணியில் உயிர்நீத்த பங்கு மக்களின் நினைவாக ஆலய வளாகத்தில் ஒரு கல் நாட்ட வேண்டுமென்று சென்ற ஆண்டு எங்கள் பங்கில் முடிவாயிற்று. நல்ல முடிவு. பெயர்ப் பட்டியலும் ஆயத்தமாயிற்று. 1971ஆம் ஆண்டுப் போரில் இறந்தவர் பெயர் இருந்தது. 1999ஆம் ஆண்டு கார்கிலில் இறந்தவர் பெயர் இருந்தது. எங்கள் அண்ணன் பெயர் மட்டும் இல்லை. மறந்திருப்பார்கள் என்றெண்ணிப் போய்க் கேட்டோம். மறக்கவில்லையாம். “அது சர்ச்சைக்குரிய படையெடுப்பு. கல்லில் வேண்டாம், பூசையில் நினைத்துக்கொள்வோம்” என்றார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். எங்கள் அம்மா இறந்தபோது பாடையைச் சுமந்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆகவே அவர்களோடு வழக்காட இக்கட்டுரையை எழுதவில்லை. அவர்கள் சொன்னது அவர்களுடைய கருத்து மட்டுமன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாடு முழுவதும் சொல்லிவரும் கருத்து அது. அந்தக் கருத்து தவறு என்றும், கத்தோலிக்கர் வாயிலிருந்து வருகையில் இரட்டிப்புத் தவறு என்றும் நாங்கள் கருதுகிறோம். அதைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

நடந்ததைச் சுருங்க நினைவுகூர்வோம். 1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன்படி இந்தியப் படை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இறங்கியது. போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெறுவதும் அமைதியைக் காப்பதும் அதன் பணி என்றார்கள். மூன்று மாதம் முடியுமுன்னே, அக்டோபரில், அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச் 24ஆம் நாள் கடைசிப் பிரிவு திரும்பும்வரை ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தனர். அவர்களுள் பல மாநிலத்தவரும் இருந்தனர். மதராஸ் ரெஜிமென்டின் படைப்பிரிவுகளும் அங்கே பணியாற்றின. தமிழ் பேசும் இளைஞர் தமிழ் பேசும் இளைஞரைச் சுடவும், அவர்களால் சுடப்படவும் நேர்ந்த போர் அது.

எங்கள் அண்ணன் அந்தப் போரைத் தேர்ந்துகொள்ளவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மூன்று தங்கை தம்பியரின் படிப்புச் செலவுக்கு வழி தேடிப் படையில் சேர்ந்தவர் அவர். செப்டம்பரில் அவர் எழுதிய கடிதம் எங்களிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓர் அந்தோனியார் கோயிலைக் கண்டதாகவும், அங்கிருந்த மூதாட்டி ஒருவர் நம் ஊர்ப் பாட்டிமாரைப் போலவே முக்காடிட்டுச் செபமாலை சொன்னதாகவும், அவரிடம் காசு கொடுத்து அம்மா பெயரால் மெழுகுதிரி ஏற்றச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்துசேர்ந்த நாள்களிலேயே யாழ்ப்பாணத்தில் போர் மூண்டுவிட்டது.

1990இல் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். அன்று தமிழ்நாட்டில் பலரும் அவ்வாறே எண்ணினர். 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு காற்று திசை மாறிற்று. புலிகளைப் புகழ்ந்த வாய்கள் பல அடங்கின. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலுக்குப் பின் மீண்டும் திசை மாறிற்று. இத்தனை காற்றிலும் அமைதிப்படையில் இறந்தவர்களின் வீட்டுக் கதவு மட்டும் தட்டப்படவில்லை. ஒரு காற்றுக்கு அவர்கள் துரோகிகள். மற்றொரு காற்றுக்கு அவர்கள் சங்கடமான நினைவு.

எங்கள் பங்கினர் கூறும் காரணத்தை நாங்கள் எளிதாய்த் தள்ளிவிடவில்லை. 1987 அக்டோபர் 21ஆம் நாள் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். 1989 ஆகஸ்ட் மாதம் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இவற்றை மறுப்பவர்களும், மூடிமறைப்பவர்களும், “போரென்றால் அப்படித்தான்” என்று தோளைக் குலுக்குபவர்களும் உண்டு. நாங்கள் அவர்களோடு சேரமாட்டோம். நோயாளியைப் படுக்கையிலே சுடுவது கொலை. அதைச் செய்த கை எந்த நாட்டுச் சீருடை அணிந்திருந்தாலும் அது கொலையே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தாய்நாட்டுக்காகப் படைப்பணி புரிவோர் மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் பணியாளராய்த் தம்மைக் கருத வேண்டும் என்று அது கூறுகிறது. இயற்கைச் சட்டத்துக்கு மாறான செயலை, மேலிடத்துக் கட்டளை என்று சொல்லிக் கண்மூடிச் செய்தவர் குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்றும் அதே பகுதியில் கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே ஏற்கக் கடமைப்பட்டவர்கள் நாம்.

ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? போர் தவறானது, ஆகவே போரில் இறந்தவனைத் தங்கை அழக்கூடாது என்றா? படை குற்றம் செய்தது, ஆகவே அந்தப் படையில் இருந்தவனின் பெயரைக் கல்லில் வெட்டக்கூடாது என்றா? இங்கேதான் நம்மவர் தடம் புரள்கின்றனர். போரைத் தீர்ப்பிடுவது வேறு. இறந்தவரை நினைப்பது வேறு. முன்னதற்கு அறிவும் நீதியும் வேண்டும். பின்னதற்கு உறவு ஒன்றே போதும். பெத்தானியாவில் மார்த்தாவும் மரியாவும் தங்கள் சகோதரன் இலாசரைக் குறித்து அழுதபோது, இறந்தவன் எப்படிப்பட்டவன் என்று நம் ஆண்டவர் விசாரிக்கவில்லை. சகோதரியரின் கண்ணீரைக் கண்டார். தாமும் கண்ணீர் விட்டார்.

இலாசர் போர்வீரன் அல்லனே என்று சிலர் கேட்கலாம். அப்படியானால் கில்போவா மலைக்குச் செல்வோம். அங்கே வீழ்ந்தவர்களுள் இருவர்: தாவீது சகோதரனாய் நேசித்த யோனத்தான் ஒருவர், தாவீதைக் கொல்ல ஆண்டுக்கணக்கில் வேட்டையாடிய சவுல் மற்றவர். தாவீது இருவருக்கும் சேர்த்தே ஒப்பாரி பாடினார்; அதை யூதா மக்களுக்குக் கற்பிக்கவும் கட்டளையிட்டார். சவுலின் ஆட்சி நேர்மையானது என்று அதற்குப் பொருளா? இல்லை. மதிலில் தொங்கவிடப்பட்ட சவுலின் உடலை இரவோடு இரவாக எடுத்துச் சென்று அடக்கம் செய்த கிலயாது நாட்டு யாபேசு ஊராரைத் தாவீது வாழ்த்தி ஆசி கூறினார். சவுலால் மிகுந்த தீமை அடைந்தவரே அவ்வாறு செய்தார் என்றால், எங்கள் அண்ணனால் எத்தீமையும் அடையாத நம் பங்கினர் கல் உளியைப் பிடித்து நிறுத்துவது எந்த மறைநூலின்படி?

இனி, இந்த விவாதத்துக்கு மிக நெருங்கிய பகுதியைக் காண்போம். மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் அது. இறந்தோர்க்காகச் செபிக்கும் நம் வழக்கத்துக்கு ஆதாரமாக ஒவ்வொரு நவம்பரிலும் மறையுரைகளில் அதைக் கேட்கிறோம். ஆனால் அதில் இறந்தவர்கள் யார் என்பதை நாம் கவனிப்பதில்லை. அவர்கள் போரில் வீழ்ந்த படைவீரர்கள். யூதா மக்கபேயும் அவருடைய ஆள்களும் அவர்களை உறவினர்களோடு மூதாதையரின் கல்லறையில் அடக்கம் செய்ய எடுக்கச் சென்றனர். அப்போது ஒவ்வொருவருடைய ஆடைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து இருக்கக் கண்டனர். அது திருச்சட்டம் விலக்கியது. அதாவது, இறந்த அந்த வீரர்கள் குற்றம் புரிந்தவர்கள் என்பது அனைவர்க்கும் வெட்ட வெளிச்சமாயிற்று.

அப்போது யூதா செய்தது என்ன? ‘இவர்கள் பெயர் வேண்டாம், சர்ச்சை’ என்று உடல்களை விட்டுவிட்டுப் போகவில்லை. தாயத்துகளை மண்ணுக்குள் மறைத்துவிட்டு, ‘இவர்கள் மாசற்ற மாவீரர்கள்’ என்று முழங்கவும் இல்லை. குற்றத்தைக் குற்றம் என்று அனைவர் முன்னும் ஒப்புக்கொண்டார். குற்றம் துடைக்கப்படுமாறு செபித்தார். ஆளுக்காள் பணம் திரட்டி இரண்டாயிரம் வெள்ளிக்காசை எருசலேமுக்குப் பாவப்பரிகாரப் பலிக்காக அனுப்பினார். உயிர்த்தெழுதலை அவர் நம்பியதால் அவ்வாறு செய்தார் என்று நூலாசிரியர் காரணமும் சொல்கிறார். படையில் இறந்தவரை மதிப்பதற்குக் கத்தோலிக்க வழி இதுதான். மதிப்புக்கு முன்நிபந்தனை மாசின்மை அன்று.

ஆதலால் எங்கள் வாதம் ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி அன்று. அண்ணனைத் தெய்வமாக்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கொடி போர்த்திய பெட்டியைக் கண்டால் மட்டும் கண்ணீர் சிந்தி, பெரிய பெரிய பதாகைகளில் தங்கள் படத்தையும் சேர்த்து அச்சிட்டு மாட்டும் நாட்டுப்பற்றும் எங்களுக்கு வேண்டாம். படைவீரனை ‘மறைசாட்சி’ என்று மேடையில் அழைக்கும் பழக்கம் அண்மையில் நம் பங்குகளிலும் நுழைந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். மறைசாட்சி என்பவர் யார் என்பதை 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம் நமக்குக் காட்டியிருக்கிறார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவர் விசுவாசத்தைக் கைவிட மறுத்துக் குண்டை ஏற்றவர். எங்கள் அண்ணன் துப்பாக்கி ஏந்தியவர். இரண்டையும் ஒன்றாக்குவது இருவருக்குமே நேர்மையன்று.

இன்னும் வெளிப்படையாகச் சொல்லுவோம். எங்கள் அண்ணன் அங்கே யாரையேனும் கொன்றாரா? ஆயுதம் ஏந்தாதவர் எவரேனும் அவர் கையால் இறந்தனரா? எங்களுக்குத் தெரியாது. அவரோடு பணிபுரிந்த ஒருவர் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தார். காப்பி அருந்தினார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் அந்த ஆண்டு முதல் தம் இறுதி ஆண்டு வரை, ஒவ்வொரு நவம்பரிலும் உபதேசியாரிடம் போய்த் திருப்பலிக் கருத்தை இப்படி எழுதச் சொல்வார்: ‘என் மகனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், அவன் கையால் யாராவது இறந்திருந்தால் அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகவும்.’ ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர் அம்மா. மக்கபேயர் நூலை அவர் வாசித்திருக்கவில்லை.

‘பூசையில் நினைத்துக்கொள்வோம்’ என்ற ஆறுதலுக்கு வருவோம். நினைப்பதாயின் பெயர் சொல்லி நினைக்க வேண்டும். நம் வழிபாட்டில் இறந்தோரைப் பெயர் சொல்லியே இறைவனிடம் ஒப்படைக்கிறோம். திருமுழுக்கில் பெயர் சொல்லி அழைத்த திருச்சபை, இறப்பில் பெயரை மறைக்கச் சொல்லவில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றென்று சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் கற்றோம். உடலே கிடைக்காதவருக்கு அடக்கம் என்பது அவர் பெயரை ஓரிடத்தில் வைப்பதுதான். அதையும் மறுத்துவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்துச் செபிப்போம் என்றால், அந்தச் செபத்துக்கே நாம் வெட்கப்படுகிறோம் என்றன்றோ ஆகும்?

தமிழ் மரபைச் சொல்லித் தடுப்பவர்களுக்கும் ஒரு சொல். போரில் பட்டவனுக்குக் கல் நடுவதில் நம் முன்னோர் உலகுக்கு வழிகாட்டியவர்கள். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைக் காண்போர்க்கு ஒன்று விளங்கும். ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. ஆநிரையைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. கவர்ந்தது சரியா, மீட்டது சரியா என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கல் நடவில்லை. தன் ஆள் வீழ்ந்தான். ஊர் கல் எடுத்தது.

மற்றொன்றையும் நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையில் விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்கள் போருக்குப் பின் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்நிலத்தின் மேலேயே 2011இல் இராணுவத் தலைமையகம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே கிடந்தவர்களுள் தாமாக விரும்பிச் சென்றவர்களும் உண்டு. சிறு வயதில் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாயோ தமக்கையோ இருந்தாள். கல்லறைகள் இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது எங்கள் பங்கினர் கொதித்தனர். ‘செத்தவனோடு என்ன பகை’ என்று கேட்டனர். சரியான கேள்வி. நாங்களும் கேட்டோம். எங்கள் அண்ணனைக் கொன்றவர்கள் அந்த மண்ணில் கிடந்திருக்கலாம் என்று தெரிந்தே கேட்டோம். அதே கேள்வியை இப்போது அவர்களிடமே திருப்பிக் கேட்கிறோம். யாழ்ப்பாணத்துத் தங்கைக்கு அழ உரிமை உண்டென்றால் எங்களுக்கு அது இல்லாமற் போவது எப்படி? நாட்டிய கல்லை இடிப்பதும், கல்லே நாட்டாமல் தடுப்பதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள் அல்லவா?

நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் இலங்கைப் படையில் இறந்த சிங்களக் கத்தோலிக்க இளைஞரின் சகோதரியர் இருக்கின்றனர். அவர்களும் மடு மாதா திருத்தலத்துக்குச் செல்கின்றனர். மன்னார்ப் பெண்களும் அங்கே செல்கின்றனர். ஒரே மாதாவின் முன் இரு மொழியில் ஒரே மன்றாட்டு எழுகிறது. அந்த மன்றாட்டுகளுள் எது சர்ச்சைக்குரியது, எதைத் தள்ளுவது என்று தேவ அன்னை தேர்வு நடத்துகிறார் என்று நாம் நம்பவில்லையே.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில், அமைதிப்படையில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. கறுப்புக் கல்லில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பலாலியிலும் ஒரு நினைவிடம் உண்டு. 1987 நவம்பர் 25ஆம் நாள் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்திய அரசு பரம்வீர் சக்கரம் வழங்கியது. புதுதில்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்திலும் அந்தப் படையினரின் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. எந்த மண்ணில் அவர்கள் போரிட்டார்களோ அந்த நாடு கல் எடுத்துவிட்டது; அனுப்பிய நாடும் கல் எடுத்துவிட்டது. அவர் திருமுழுக்குப் பெற்ற, புதுநன்மை வாங்கிய, பீடச் சிறுவராய் மணி அடித்த ஆலயத்தின் வளாகத்தில் மட்டும் இடமில்லை.

நாங்கள் கேட்பது பெரிதன்று. கல்லில் ஒரு வரி; பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இறந்த இடம். அமைதிப்படை என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது வரலாறு, அதை விட்டுவிட்டால் அவர் எங்கோ காய்ச்சலில் இறந்தவர் போல் ஆகிவிடும். துப்பாக்கிச் சின்னமோ வெற்றி முழக்கமோ அந்தக் கல்லில் வேண்டாம். அங்கே சிலுவை போதும். கல்லறைத் திருநாளன்று மற்றப் பெயர்களோடு அந்தப் பெயரையும் உரக்க வாசியுங்கள்.

கல்லின் அடியில் இன்னொரு வரியும் வேண்டும் என்று கேட்கிறோம்: ‘இவர்கள் கையால் இறந்தவர்களுக்காகவும் செபியுங்கள்.’ இது எங்கள் அண்ணனுக்கு மட்டுமன்று, 1971க்கும் கார்கிலுக்கும் சேர்த்தே. இந்த வரியைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பர். வீரரை இழிவுபடுத்துவதாகச் சொல்வர். மக்கபேயர் நூலை வாசித்துவிட்டு அவர்கள் எங்களிடம் வரட்டும். இந்த இரண்டாம் வரிக்கு இடமில்லையென்றால் முதல் வரியையும் நாங்கள் வற்புறுத்தமாட்டோம். அம்மா கேட்டது இரண்டையும்தான். ஒன்றை விட்டு ஒன்றை வாங்கிக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை.

கல் இன்னும் நாட்டப்படவில்லை. சிற்பியிடம் பட்டியல் போகவில்லை என்று கேள்விப்படுகிறோம். பங்குப் பேரவை மீண்டும் கூடும்போது எங்கள் விண்ணப்பத்தை மறுபடியும் கொடுக்கவிருக்கிறோம். இதே நிலையில் வேறு பங்குகளிலும் குடும்பங்கள் இருக்கக்கூடும். முப்பது ஆண்டுக்கு மேலாய் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நவம்பரில் ஒரு மெழுகுதிரியைக் கூடுதலாக ஏற்றிவரும் தமக்கையரும் தம்பியரும் இருப்பார்கள். அவர்களும் தம் பங்குத் தந்தையிடம் சென்று, பெயரைச் சொல்லி, இறந்த இடத்தைச் சொல்லி, கருத்து எழுதிக் கொடுக்கட்டும்.